ஒரே ஒரு ஆள் நின்ற வரிசை

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டேன். இவளெல்லாம் எழுத வந்துவிட்டாளே என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில், கிர்க்கியில் இருந்தோம். கணவருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் பக்கத்து பஸ் ஸ்டாப்பில், அழுக்கேறிய பச்சை ஸ்வெட்டரோடு ஒருவர் கிடப்பார். பேர் கேட்டால் பட்டாள நம்பரைச் சொல்வார். இந்தி புரியும். ஆனால் எப்போதாவது வாயில் வருவது தமிழ்தான், அதுவும் எங்கள் திருநெல்வேலித் தமிழ். அதைக் கேட்ட அன்றே அவர் எனக்கு அண்ணாச்சி ஆகிவிட்டார்.

தினமும் சாம்பார் சாதம் கொண்டுபோவேன். பெஞ்சில் உட்கார வைத்து, பரிமாறி, "சாப்பிடுங்க அண்ணாச்சி" என்பேன். தொட மாட்டார். நான் நகர்ந்ததும் நாய்க்கு வைத்துவிடுவார்.

அதே ஸ்டாப்பில் ஒரு மராட்டிக்காரி பூ விற்றாள். மத்தியானம் தன் சோள ரொட்டியைப் பிரித்ததும் "சலோ ஜவான், லைன்!" என்று ஓர் அதட்டல் போடுவாள். அவர் எழுந்து, தகரத் தட்டை நீட்டி, தன்னந்தனியாக வரிசையில் நிற்பார். அவள் பாதியைப் பிய்த்துப் போடுவாள். துளி மிச்சம் வைக்காமல் தின்பார்.

எனக்கு வயிறு எரியும். என் பாஷை பேசுகிறவர் என் கையால் சாப்பிடுவதில்லை. அவள் வேறு இந்தியில் கேட்டுச் சிரிப்பாள். "உட்கார வெச்சுப் பரிமாற அவர் என்ன உன் வீட்டு மாப்பிள்ளையா அக்கா?"

தொழிற்சாலைக் காவலாளி ஒருவர் முன்னாள் ராணுவக்காரர். அந்த நம்பரை வைத்து விசாரித்தது அவர்தான். அண்ணாச்சிக்கு பென்ஷன், ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்தியம், தங்க இடம் எல்லாவற்றுக்கும் உரிமை இருந்ததாம். ஆனால் புத்தி தடுமாறியவர் சார்பில் அதைக் கேட்க, கோர்ட் நியமிக்கும் கார்டியன் ஒருவர் வேண்டும். சொந்தக்காரர் யாரும் கிடைக்கவில்லை. நான் முன்வந்தேன். பூக்காரியும் வந்தாள். எனக்கு குவார்ட்டர்ஸ் வீடு. அவளுக்கு ஏரவாடாவில் தகரம் போட்ட ஓர் அறை. பாஷையும் என் பக்கம். எனக்குத்தான் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன்.

"உங்களைப் பார்த்துக்கொள்ள யார் வேண்டும்?" என்று நீதிபதி அவரிடம் இந்தியில் கேட்டார்.

அண்ணாச்சி விறைப்பாக நிமிர்ந்தார். அதுவரை நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவர், பூக்காரியைக் காட்டித் தமிழில் சொன்னார்: "அந்தப் புள்ள ரேஷன் குடுக்கு சார். இந்தம்மா தர்மம் போடுதாவ."

அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "என்ன சொல்கிறார்?" என்று நீதிபதி என்னையே கேட்டார்.

நான் எதைச் சொன்னாலும் அன்று அதுதான் உண்மை. பூக்காரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாளத்தில் ரேஷன் என்பது ஒருவருக்கு உரிய பங்கு, யாரும் இரக்கப்பட்டுப் போடுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஓட்டை இந்தியில் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லும்போதும் பொறாமை குறையவில்லை.

நீதிபதி அவளையே கார்டியனாக நியமித்தார்.

வெளியே வந்ததும், "முகத்தை ஏன் புளிச்ச மோர் மாதிரி வெச்சிருக்கே அக்கா? நாளைக்கு உன் சாம்பாரைக் கொண்டா. லைன்ல நிக்க வெச்சுப் போடு" என்றாள்.

இப்போதும் யாருக்காவது சோறு போடும்போது, இது அவர் பங்கா, என் தர்மமா என்று ஒரு கணம் கை நின்றுவிடுகிறது.

கோர்ட்டுக்குப் போன மறுநாளே சாம்பார் சாதம் கொண்டுபோனேன். "லைன்" என்றேன். எழுந்து நின்றார். அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தட்டை நீட்டினார்.