அண்ணன் கொடுத்த கார்

பெருமாநல்லூர் போகும் சாலையில் நாங்கள் ஒரு சின்னத் தையல் யூனிட் வைத்திருந்தோம். பெரிய கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை. என் கணவர் மெஷின்களையும் ஆட்களையும் பார்த்துக்கொள்வார். நான் செக்கிங் டேபிளில் நின்று, தைத்து வந்த பனியன்களைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஊரில் எல்லோருக்கும் வேலை இருந்தது. உட்கார்ந்து பேசத்தான் யாருக்கும் நேரமில்லை.

எங்கள் மகள் பாப்பா அப்போது சின்னக் குழந்தை. எங்களிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. மாமியாருக்கு முழங்கால் தேய்ந்துபோய், அடிக்கடி கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அவரால் பஸ் படி ஏற முடியாது. மோட்டார் சைக்கிளில் காலை மடக்கி உட்காரவும் முடியாது. "ஒரு கார் இருந்தாத் தேவலை" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கணவர் சொன்னார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் அண்ணனும் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் நூல் ஏஜென்ட். மில்லுக்கும் நிட்டிங் கம்பெனிக்கும் நடுவே நாள் முழுக்க அலைவார். அலைந்தாலும் வெள்ளைச் சட்டை கசங்காது, முகத்தில் சிரிப்பு குறையாது. அவரிடம் ஒரு டீசல் கார் இருந்தது.

"என்ற காரையே எடுத்துக்கங்க மாப்பிள்ளை. நான் வேற ஒண்ணு பாத்துட்டிருக்கறனுங்க. இதை வெளிய குடுக்க மனசு வல்லீங்க. நம்ம ஊட்டுக்குள்ளயே ஓடுச்சுன்னா எனக்கும் ஒரு திருப்தி."

"இன்ஜின் எல்லாம் எப்படீங்க மச்சான்?"

"அதுல கையே வெக்க வேண்டாமுங்க."

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே அண்ணன் காரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். கணவர் அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தார். இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்து, "சத்தமே இல்லை" என்றார். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது; அண்ணன் சொன்ன விலையைக் கொடுத்தோம். சொந்த மச்சானிடம் வாங்கும் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுவது எங்களுக்கு அசிங்கமாகப் பட்டது.

பனிக்காலம் முடியும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. மாமியார் முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். ஏசி காற்று முகத்தில் பட்டால் கண்ணை மூடிக்கொள்வார். அக்கம்பக்கத்தில் யாரைப் பார்த்தாலும், "மருமவளோட அண்ணன் குடுத்த காருங்க. தங்கமான மனுசன்" என்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வெயில் ஏறிய முதல் வாரத்தில், கோயமுத்தூரிலிருந்து திரும்பி வரும்போது கார் நடுவழியில் நின்றுவிட்டது. பானட்டைத் தூக்கியதும் ஆவி குபுகுபுவென்று வந்தது. தண்ணீர் ஊற்றி, ஆறவைத்து, மெதுவாக ஓட்டி வந்து, பெருமாநல்லூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் விட்டோம். அடுத்த நாள் நானும் கணவரும் போனபோது மெக்கானிக் இன்ஜினின் மேல் பாகத்தைக் கழற்றி வைத்திருந்தார்.

"இதை முன்னாடியே ஒருக்கா பிரிச்சிருக்கறாங்க. சரியாச் செய்யாம, பசையைத் தடவி மூடி வெச்சிருக்குது. ரேடியேட்டர்ல ஓட்டையடைக்கற பவுடரைக் கொட்டியிருக்கறாங்க. சூடு காட்டற முள்ளு இருக்குதில்லீங்களா, அதுக்குப் போற ஒயரையே வெட்டி உட்டுட்டாங்க. முள்ளு ஏறுனாத்தானே வாங்கறவனுக்குத் தெரியும்?"

"சரி பண்ண முடியுங்களா?"

"நானும் பசை போட்டு மூடித்தான் தரோணும். ஒயரை வேணா சேத்தி உடறேன். நெசமாச் சரியாகோணும்னா வேற இன்ஜின்தானுங்க." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "யாருகிட்டீங்க வாங்குனீங்க?"

கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "வெளியாளுங்க. ஊரு பேரு தெரியாதுங்க."

வீடு வரும்வரை மோட்டார் சைக்கிளில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வாசலில் இறங்கியதும், "நாளைக்கே நான் அண்ணனைப் போய்க் கேக்கறனுங்க" என்றேன்.

"நீ ஒண்ணும் கேக்க வேண்டாம். சித்திரையில பாப்பாவுக்குக் காது குத்தறோம். தாய்மாமன் மடியிலதான் உக்கார வெக்கோணும். இப்பப் போயி வார்த்தை தடிச்சு, அவரு வராம நின்னுட்டார்னா சபையில நாம யார் மொகத்துல முழிக்கறது? காது குத்து முடியட்டும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். வேறொரு ஆளை அந்த இடத்தில் உட்கார வைக்க முடியாது.

மெக்கானிக் பசை போட்டு மூடி, ஒயரைச் சேர்த்துக் கொடுத்த கார் வாசலுக்கு வந்தது. அண்ணன் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். பாப்பாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். "கார் எப்படீங்க மாப்பிள்ளை?" என்பார். "ஜம்முனு போகுதுங்க மச்சான்" என்பார் கணவர். நான் காப்பித் தட்டோடு நின்று இரண்டு பேர் முகத்தையும் பார்ப்பேன். இரண்டு முகங்களும் சிரித்துக்கொண்டிருக்கும். தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கத்த வேண்டும் போலிருக்கும். "இன்னுங் கொஞ்சம் காப்பி ஊத்தட்டுங்களாண்ணா?" என்று கேட்பேன்.

அண்ணன் போனபிறகுதான் கஷ்டம். கணவர் என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அதுவரை "மச்சான்" என்றே சொல்லிவந்தவர், என்னிடம் பேசும்போது மட்டும் "உங்கண்ணன்" என்று சொல்ல ஆரம்பித்தார். மாமியாருக்கு இது எதுவும் தெரியாது. "வெய்யில் காலமில்ல, கார் சூடாகத்தான் செய்யும்" என்று அவரே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, தங்கமான மனுசன் என்று தெருவில் பேசுவதைத் தொடர்ந்தார். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்குக் காது எரியும். பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்கவும் முடியாது, புகுந்த வீட்டில் தலை நிமிரவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே அந்தக் கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வீட்டைவிட்டு வெளியே போக அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

காது குத்து நாள் வந்தது. தாராபுரம் தாண்டி, கணவரின் பங்காளிகள் கும்பிடும் சின்ன முருகன் கோயில். சொந்தக்காரர்களுக்கு வேன் பிடித்திருந்தோம். அண்ணன் நேரே வேன் பக்கம் நடந்தார். மாமியார் விடவில்லை.

"ஏஞ்சாமி, தாய்மாமன் நீயி வேன்ல போனா எப்படி? புள்ளைய மடியில வெச்சுட்டுக் கார்ல வா."

"இல்லீங்க அத்தை, நான் இவங்களோட பேசிட்டே…"

"அட, நீ குடுத்த கார் சாமி அது. ஏறு."

ஏறினார். கணவர் ஓட்டினார், மாமியார் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் நானும் அண்ணனும். பட்டுப்பாவாடை கட்டிய பாப்பா அவர் மடியில். வேன் எங்களுக்கு முன்னால் போய், கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

அவிநாசிபாளையம் தாண்டியதும் வெயில் சுள்ளென்று அடித்தது. கணவர் சாலையை ஒருமுறையும் சூட்டு முள்ளை ஒருமுறையும் பார்த்துக்கொண்டே ஓட்டினார். முள் நடுவில்தான் நின்றது. அப்போது லேசாக ஒரு வாசனை வந்தது, வெல்லப்பாகு அடிபிடிப்பது போல. ரேடியேட்டர் கூலன்ட் கசிந்து சூட்டில் காயும் வாசனை அது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அண்ணன் சட்டென்று முன்னால் குனிந்தார்.

"மாப்பிள்ளை, ஏசிய நிறுத்திப்போட்டு ஹீட்டரைத் தொறந்து உடுங்க. அந்த முள்ளை நம்பாதீங்க, அது அப்பறந்தான் ஏறும். ஹீட்டரைப் போட்டா இன்ஜின் சூடு உள்ள வந்து இறங்கீரும். எப்பவும் இறங்கீரும்."

சொல்லி முடித்தபிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மெதுவாகச் சீட்டில் சாய்ந்தார். கண்ணாடியில் கணவரின் கண்கள் அண்ணனைப் பார்த்தன. கொஞ்ச நேரம் பார்த்தன.

"சரீங்க மச்சான்" என்றார் கணவர்.

ஹீட்டரைத் திறந்தார். சித்திரை வெயிலில், ஐந்து பேர் அடைந்த காருக்குள், அடுப்பு வாயிலிருந்து வருவது போல அனல் வந்தது. என் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. வெளியிலிருந்து வந்த காற்றும் சூடாகத்தான் இருந்தது.

"ஏங்கண்ணு, இந்த வெய்யில்ல எதுக்கு ஹீட்டரு?" என்று மாமியார் மகனைக் கேட்டார். அவர் சாலையைப் பார்த்தே ஓட்டினார். மாமியார் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மாமியார் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் திரும்பிவிட்டார்.

பாப்பா வீறிட்டு அழுதது. அண்ணனின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தன் கைக்குட்டையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டே வந்தார். என் தோளும் அவர் தோளும் இடித்துக்கொண்டிருந்தன. நகர இடமில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தக் காட்டுக்குள் நடந்து போய்விடலாமா என்று நினைத்தேன். தூரத்தில் காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றாமல் நின்றுகொண்டிருந்தன. கார் ஊர்ந்து ஊர்ந்து போனது. முகூர்த்தம் தப்பவில்லை.

அண்ணன் மடியில் பாப்பாவை உட்கார வைத்தார்கள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்ததும் பாப்பா மாமனின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. குத்தி முடித்தபோது அண்ணன் கண்ணில் தண்ணீர். "மாமனுக்குத் தாங்கல பாரு" என்று பெண்கள் சிரித்தார்கள். கணவர் சிரிக்கவில்லை. முறைப்படி அண்ணனுக்கு வேட்டி துண்டு கொடுத்தார். அண்ணன் குனிந்து வாங்கிக்கொண்டார்.

பந்தி நடக்கும்போது, கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் அண்ணன் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?"

குழாயை மூடினார். "தெரியும் அம்மிணி."

"அப்பறம் எதுக்கு எங்க தலையில கட்டுனீங்க?"

"நானும் ஒருத்தன்கிட்ட ஏமாந்து வாங்குனதுதான். வெளியாளுக்குத் தள்ளியிருந்தா அடுத்த வாரமே வாசல்ல வந்து சட்டையப் புடிச்சிருப்பான். மாப்பிள்ளைன்னாப் பொறுத்துக்குவாருன்னு நெனச்சேன்." ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "நீயி இருக்கறயில்ல."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. என்னை நம்பித்தான் அப்படிச் செய்திருக்கிறார். ஓர் அண்ணன் தன் தங்கை மேல் வைத்த நம்பிக்கை அது. எனக்கு அழுகை வரவில்லை.

எல்லோரும் கிளம்பும் நேரம் வந்தது. நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்து வேனில் ஏற்றி, நானும் ஏறி உட்கார்ந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்: "அண்ணா, நாங்க இதுலயே போறோமுங்க. அவரு தனியாப் போகோணுமில்ல, நீங்க அவரோட கார்ல வாங்க."

அத்தனை பேர் முன்னால் அண்ணனால் மறுக்க முடியவில்லை. வேன் நகரும்போது திரும்பிப் பார்த்தேன். காரின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேரும் கதவைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இதுல காத்து நல்லா வருது" என்றார் மாமியார். ஹீட்டர் போட்ட பேச்சை அதற்குமேல் அவர் எப்போதும் எடுத்ததில்லை. தங்கமான மனுசன் என்ற சொல்லையும் அதன்பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை.

நாங்கள் வீடு வந்து வெகுநேரம் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில், ஒரு லோடு ஆட்டோவுக்குப் பின்னால் கயிறு கட்டி கார் வந்து சேர்ந்தது. கணவரின் கையெல்லாம் கரி. அண்ணனின் சட்டையில் எண்ணெய். இரண்டு பேரும் ஒரே பக்கெட்டில் தண்ணீர் மொண்டு கை கழுவினார்கள். சோறு போட்டேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "ரசம் வேணுங்களா மச்சான்?" "கொஞ்சமா ஊத்தச் சொல்லுங்க மாப்பிள்ளை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காப்பி குடிக்க வரவில்லை. ஓர் ஆளைக் கூட்டிவந்து காரை இழுத்துக்கொண்டு போனார். கோயமுத்தூரில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் அவரே அலைந்து ஓர் இன்ஜினைத் தேடி எடுத்து, மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். சாவியை என்னிடம் கொடுக்கவில்லை, கணவர் வரும்வரை நின்று அவர் கையில் கொடுத்தார்.

அதன்பின் கார் ஒழுங்காகத்தான் ஓடியது. சில வருடம் ஓடியது. ஆனால் அதில் ஒருநாளும் நான் கண்ணயர்ந்ததில்லை. யாராவது சமையலறையில் பாகு காய்ச்சினால்கூட நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

கடைசியில் விற்கும்போது, பார்க்க வந்தவர்களிடம் அவர்கள் கேட்கும் முன்பே கணவர் சொல்லிவிடுவார்: "இது வேற இன்ஜின் மாத்துனதுங்க." இவ்வளவு சொல்கிறவன் இன்னும் எதையோ மறைக்கிறான் என்று நினைத்தார்களோ என்னவோ, வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பிறகு ஒரு மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார்.

கார் போன அன்று சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஏனுங்க, கோயில்ல இருந்து வரும்போது நீங்க ரெண்டு பேரும் என்ன பேசுனீங்க?"

"என்னத்தப் பேசறது? வேப்பமரத்தடியில உக்காந்திருந்தோம். இன்ஜின் ஆறோணுமில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்கிட்ட உங்கண்ணன் ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.