வாலாட்டாத செவலை

நேற்று காலை போடி நண்பர் ஒருவர் எங்கள் வட்டார வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். மூக்கு கறுத்த செவலை நாய், வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் முன் நிற்கிறது. கீழே ஒரு கட்சியின் பண்டிகை வாழ்த்து. நாயைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நானும் அதனோடு வேலை பார்த்தவன்தானே.

தேனியில் நான் துணை ஆசிரியராக இருந்த மாலைப் பத்திரிகையில் தினமும் மூன்று கட்டக் கேலிச்சித்திரத்தில் செவலை வரும். வரைந்தவர் தவசி, கோம்பைக்காரர். அவர் நுழைந்தால் இந்தியன் இங்க் வாடையும் பீடி வாடையும் சேர்ந்து வரும். அந்தக் கலவைக்கு எனக்கு இன்றும் பசிக்கிறது. அவர் வந்தால்தான் முதலாளி வடை வாங்கிவரச் சொல்வார்.

செவலை பேசாது, வாலாட்டாது. பெரிய மனிதர்களைப் பார்த்துக் குரைக்கும். அவர்களுக்குத் தவசி முகம் வரைய மாட்டார், முதுகும் தோள்துண்டும்தான். ஒரே படத்துக்கு மூன்று தலைவர்கள் ஆளனுப்பிச் சண்டை போட்டதுண்டு. "எந்த முதுகுன்னு அவுகளே பேசி முடிவுபண்ணிட்டு வரட்டும்" என்றார் தவசி. கம்பம் பள்ளத்தாக்கே சிரித்தது. கம்பத்தில் திராட்சைப் பெட்டிக்கு அடியில் விரிக்கிற பழைய தாளில்கூடச் செவலையைக் கிழித்து எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விரிப்பார்கள்.

ஒரு கோடையில் லோயர் கேம்ப் வழியாக வந்த அணைத் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரவில்லை. அன்று செவலை, வாய்க்காலில் திருட்டு மோட்டார் போட்டுத் தன் வயலுக்கு இறைத்த சம்சாரியைப் பார்த்துக் குரைத்தது. முண்டாசு கட்டிய முதுகு. அதைத் தன் முதுகென்று நினைக்காத ஊரில்லை. சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில் பத்திரிகைக் கட்டுகள் எரிந்தன.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்த கூட்டத்தில் தவசியின் சித்தப்பாவும் இருந்தார்.

"ஏலே, தலைவருகளத் திட்டுன, சரி. ஒங்காத்தா வயலுக்கும் அந்த மோட்டாருதானலே எறைக்குது?"

"அதான் சித்தப்பா, செவலைக்கு வழி தெரிஞ்சிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி சமரசம் பேசினார். அன்றைய படத்தில் செவலை சம்சாரியைப் பார்த்து வாலாட்ட வேண்டும். வாலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வளைகோடு, அவ்வளவுதான். இல்லாவிட்டால் செவலை இனி வராது.

கூட்டத்துக்குப் பின்னால் தவசியின் மனைவி நின்றிருந்தார். "ஏங்க, ரெண்டு கோடுதான, போட்டுருங்க. தெருவுல எங்கூட யாரும் பேச மாட்டேங்கிறாக" என்றார்.

தவசி என் மேசையில் உட்கார்ந்து நாயை வரைந்தார், சம்சாரியை வரைந்தார். பேனாவை மையில் தோய்த்து வாலருகே கொண்டுபோனார். நிப்பில் மை காயும்வரை கை அங்கேயே நின்றது. பிறகு நிப்பைக் கழுவித் துடைத்துவிட்டு எழுந்தார்.

"அது குரைச்சதுல தப்பு என்னன்னு ஒருத்தரும் சொல்லலையே தம்பி."

அன்று அந்த இடத்தில் உரக்கடை விளம்பரம் போட்டோம். அளவு சரியாகப் பொருந்தியது.

அவர் கோம்பை வீட்டைப் பூட்டிவிட்டு மேகமலையில் ஒரு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனார். அங்கேயே இறந்தார். ஊரிலிருந்து யாரும் போகவில்லை என்று கேள்வி. செய்தி போட எங்கள் பத்திரிகையும் அப்போது இல்லை.

நேற்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் தவசியின் கையெழுத்தை அழித்திருக்கிறார்கள். முதுகு மட்டுமே இருந்த வேட்டிக்காரருக்குத் தங்கள் தலைவரின் முகம் வைத்திருக்கிறார்கள். குழுவில் கோம்பைக்காரர்கள் பலர் அதற்குக் கைதட்டும் பொம்மை போட்டிருக்கிறார்கள். வாலின் இரண்டு பக்கமும், கம்ப்யூட்டரில் இழுத்த சீரான தடிமனில், இரண்டு வளைகோடு.