நாற்பதாயிரம் பேருக்கு ஒரு காதுகுத்து அழைப்பு

மதியழகன் சார் இப்போதெல்லாம் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசுகிறார். திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டே ஒரு மெயில் கம்பெனியை எப்படி வளர்த்தேன் என்று மைக்கைப் பிடித்தால் விடுவதில்லை. தொலைநோக்கு என்கிறார், விடாமுயற்சி என்கிறார். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. நாகஜோதி பேரை ஒரு தடவை சொன்னால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா? அவர் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன்.

நாகஜோதிக்குச் சொந்த ஊர் சித்தையன்கோட்டை. பி.காம். படித்துவிட்டு, காய்கறி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டும் சோலைமுத்துவைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்தவள். கொஞ்ச நாள் வெங்காயப் பேட்டையில் கூலிக்குக் காம்பு அறுத்தாள். அப்புறம்தான் எங்கள் 'வந்துசேர்' கம்பெனியில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி என்று சொல்கிறேனே தவிர, பழனி ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு ரூம், ஏழு பேர், ஓடுகிற ஃபேன் ஒன்று. அந்த ஃபேனுக்கு நேர் கீழே அவள், பக்கத்து சீட்டில் நான்.

எங்கள் தொழில் இதுதான். பெரிய கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் பில், நினைவூட்டல், ரசீது எல்லாவற்றையும் மெயிலாக நாங்கள் அனுப்பிக் கொடுப்போம். கிளவுட் என்று பெரிதாகச் சொல்வார்கள். எங்கோ இருக்கிற வாடகை கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதைக் கட்டி மேய்ப்பது என் வேலை. "மேகத்துல போற மெயிலு மழை பேஞ்சா நனையாதாண்ணே?" என்று சோலைமுத்து ஒருநாள் என்னிடம் முகத்தை வெகுளியாக வைத்துக்கொண்டு கேட்டான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே குசும்பு ஜாஸ்தி.

நாகஜோதிக்குப் போனில் ராங் நம்பர் வந்தாலும் வைக்கமாட்டாள். ஊர் எது, சாப்டாச்சா, தொட்டுக்க வெஞ்சனம் என்ன, எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வைப்பாள். "ஏம்மா, இது ஆபீஸா சத்திரமா?" என்று கத்துவேன். "ஒங்களுக்கு ஏண்ணே இம்புட்டுக் கோவம்? செத்த நேரம் பேசுனா வாயா தேஞ்சுரும்?" என்பாள்.

அந்த வருஷம் சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி எங்களுக்கு ஒரு மாதம் சோதனைக்கு வேலை கொடுத்தது. அவர்களுடைய நாற்பதாயிரம் வாடிக்கையாளர்களுக்கு பிரீமிய நினைவூட்டல் அனுப்பவேண்டும். நானும் அனுப்பினேன். போன மெயில் பூராவும் ஸ்பாம் என்கிற குப்பைப் பெட்டியில் போய் விழுந்தது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவனுக்கு யாரும் கைமாற்று கொடுப்பதில்லை பாருங்கள், அதே கதைதான் புது சர்வருக்கும். நாம் அனுப்புவதை ஜனங்கள் திறந்து படித்து, பதிலும் போட்டால்தான் நம்மை நம்பும். பிரீமியம் கட்டச் சொல்கிற மெயிலை எந்தப் புண்ணியவான் ஆசையாகத் திறப்பான்?

"இந்த கான்ட்ராக்ட் வரலைன்னா மாசக் கடைசியில கதவைச் சாத்திட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார் மதியழகன். நாகஜோதி அன்றைக்குப் போனில் யாரையும் விசாரிக்கவில்லை. சோலைமுத்துவின் ஆட்டோ வேறு எஞ்சின் கழன்று பட்டறையில் கிடந்தது. "இந்த வேலை போச்சுன்னா மறுபடி வெங்காயக் காம்புதாண்ணே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பயந்து போயிருந்தாள், பாவம்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் மகள் இசைவாணிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். சித்தையன்கோட்டைப் பக்கம் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடா விருந்து. ஆபீஸில் எங்கள் எல்லாருக்கும் மெயிலிலேயே அழைப்பு அனுப்பலாம் என்று ஆசையாக டைப் செய்தாள். அனுப்பவேண்டிய பட்டியல் 'ஆபீஸ்'. அதற்கு நேர் கீழே இருந்தது இன்சூரன்ஸ் பட்டியல். கைப்பிள்ளைக்காரி, ராத்தூக்கம் கிடையாது. கீழே இருந்ததை அமுக்கிவிட்டாள்.

நாற்பதாயிரம் பேருக்கு, இன்சூரன்ஸ் கம்பெனி பெயரில், "வர்ற ஞாயித்துக்கிழமை சித்தையன்கோட்டைக் கோயில்ல எங்க பாப்பாவுக்குக் காதுகுத்து. குடும்பத்தோட வந்து கிடா விருந்து சாப்பிட்டுப் போகணும். வராம இருந்துராதீங்க" என்று போய்விட்டது.

அடக் கடவுளே! இன்சூரன்ஸ் கம்பெனி காதுகுத்துக்குக் கூப்பிடுகிறதா என்று, குப்பைப் பெட்டியில் கிடந்ததைக்கூடத் தோண்டி எடுத்து, ஒருத்தர் பாக்கியில்லாமல் திறந்தார்கள். பதில் வேறு கொட்டியது. நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா, பிள்ளைக்கு வலிக்காமல் குத்தச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். சேலத்துக்காரர் ஒருவர் தான் சைவம், தனிப் பந்தி உண்டா என்று கேட்டிருந்தார். இன்னொருத்தர், இந்த விருந்துக்கும் சேர்த்து பிரீமியம் கட்டணுமா என்று கேட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மதியழகன் முகத்தைப் பார்த்ததும் இருமி மறைத்தேன்.

மறுநாள் சென்னையிலிருந்து அந்த இன்சூரன்ஸ் கம்பெனி மேனேஜர் பிராங்க்ளின் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார். மதியழகன் வியர்த்துப்போய் வைத்தார். நாகஜோதி பக்கம் திரும்பினார்.

"இப்பவே இன்னொரு மெயில் அடி. முந்தைய அழைப்பு ரத்து செய்யப்படுகிறது. அவ்வளவுதான்."

"ரத்தா?" நாகஜோதி எழுந்துவிட்டாள். "அழைப்பு குடுத்துட்டு ரத்துன்னு சொன்னா எங்க ஊர்ல என்ன அர்த்தம் தெரியுமா சார்? வீட்ல எழவு விழுந்திருக்குன்னு அர்த்தம். எம் புள்ளைக்கு மொதமொத நடக்குற விசேசம். அந்த வார்த்தையை எங் கையால எழுத மாட்டேன்."

"எழுதலைன்னா நாளையில இருந்து வேலைக்கு வராத."

அவள் கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சரி, எழுதுகிறாள் என்று நினைத்து அவர் ரூமுக்குப் போனார், நான் டீக்குப் போனேன். அவளும் எழுதத்தான் செய்தாள். என்ன எழுதினாள் தெரியுமா?

"வணக்கம். நேத்து உங்களுக்கு வந்த அழைப்பு கைதவறி வந்தது. தப்பு என்மேலதான், மன்னிக்கணும். ஆனா கூப்பிட்டது கூப்பிட்டதுதான். வர முடிஞ்சவங்க வாங்க. ஒரு வரி பதில் போட்டுட்டா அரிசி போட வசதியா இருக்கும். சைவம்னா அதையும் சொல்லிருங்க. இப்படிக்கு இசைவாணி அம்மா."

அனுப்பிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள். மதியழகன் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் வீட்டில் வேறு கூத்து. வேலை போனதைப் பற்றிச் சோலைமுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நாப்பதாயிரம் பேருக்குச் சொல்லிட்டியேடி! எத்தன மூட்டை அரிசி, எத்தன கிடா? திண்டுக்கல்லுல அம்புட்டு எலை கெடைக்குமா?" என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்திருக்கிறான்.

இங்கே ஆபீஸில் பதில் மேல் பதில். ஜனங்கள் திறக்கத் திறக்க, எழுத எழுத, எங்கள் சர்வர் மேல் நம்பிக்கை ஏறியது. அந்த வாரம் நான் அனுப்பிய நினைவூட்டல்கள் குப்பைப் பெட்டியை விட்டு நேராக முன்வாசலில் விழ ஆரம்பித்தன. ஓடிப்போய்ச் சொன்னேன். மதியழகன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "பிராங்க்ளின் நேர்லயே வாராராம்ப்பா" என்றார். "கம்பெனி பேரைச் சொல்லி யாராவது விருந்துக்கு வந்தா திருப்பி அனுப்பணுமாம். அப்படியே நம்ம கணக்கையும் முடிச்சுட்டுப் போவாராம்."

ஞாயிற்றுக்கிழமை பிராங்க்ளின் கொடைரோட்டில் ரயிலைவிட்டு இறங்கி, கார் பிடித்துக் கோயிலுக்கு வந்தார். நானும் மதியழகனும் முன்னமே அங்கேதான் இருந்தோம். வேலையை விட்டு அனுப்பினாலும் விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? நாற்பதாயிரமெல்லாம் வரவில்லை. சொந்தபந்தம் போக, மெயிலைப் பார்த்து வந்தவர்கள் ஒரு வேன் கூட்டம் இருக்கும். கையில் பூ, பழம், பிள்ளைக்குச் சட்டை. சேலத்துச் சைவக்காரருக்குச் சாம்பார் தனியாகக் கொதித்தது.

பிராங்க்ளின் யாரென்று நாகஜோதிக்குத் தெரியாது. மொட்டைத் தலையில் சந்தனமும் புதுத் தோடுமாக அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்கண்ணே, கை கழுவுங்க" என்றாள்.

"நான் சாப்பிட வரலைம்மா. பேசணும்."

"பேசலாம்ணே, எங்க போகப் போறோம்? எலை போட்டாச்சு, உக்காருங்க."

அந்தக் குரலுக்கு முன்னால் மனுஷன் என்ன செய்வார்? உட்கார்ந்தார். பக்கத்து இலையில் நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த கருப்பணன் என்கிற விவசாயி.

"ஏனுங்க, நீங்களும் மெயில் பாத்துத்தான் வந்தீங்களா?"

"இல்லை, நான் இன்சூரன்ஸ் கம்பெனி. சென்னை ஆபீஸ்."

கருப்பணன் சோற்றுக் கையோடு அப்படியே திரும்பினார். "அட, நம்ம கம்பெனிங்களா! பத்துப் பன்னெண்டு வருசமா கட்டிட்டு வரேனுங்க. அத்தன வருசமும் பணம் எங்க, பணம் எங்கன்னுதான் எழுதுனீங்க. சாப்பிட வான்னு இப்பத்தானுங்க ஒரு வார்த்தை கூப்பிட்டீங்க. மனசு குளுந்து போச்சுங்க. எம் பையன் பாலிசியும் உங்ககிட்டத்தான், முடிவு பண்ணிட்டேனுங்க."

பிராங்க்ளின் வாயைத் திறந்தார். உங்களைக் கூப்பிட்டது நாங்கள் இல்லை என்று சொல்லத்தான் திறந்திருப்பார். கருப்பணன் இடது கையால் அவர் தோளைத் தட்டிவிட்டு, பரிமாறுகிறவரைப் பார்த்து, "நம்ம சாருக்குக் கறி வைங்க" என்றார். பிராங்க்ளின் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து சாப்பிட்டார். மறுசோறு வாங்கி ரசமும் ஊற்றிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு மதியழகனிடம் வந்தார். "அந்த ரெண்டாவது மெயில் எழுதினது யாரு?"

மதியழகன் என்னைப் பார்த்தார். நாகஜோதி முந்திக்கொண்டாள். "நான்தாண்ணே. எதும் தப்பா எழுதிட்டேனா?"

"இல்லைம்மா" என்றார் அவர். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு மதியழகன் பக்கம் திரும்பினார். "சார், வேலையை உங்களுக்கே குடுத்துடறோம். ஆனா எங்க ஜனங்களுக்குப் போற மெயிலை இந்தம்மாதான் எழுதணும்."

அவர் கார் ஏறியதும் மதியழகன் நாகஜோதி பக்கத்தில் போய் நின்றார். வேட்டியைச் சரி செய்தார்.

"நாகஜோதி, நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வந்துரும்மா."

"நாளைக்கா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அது எப்படி சார்? பந்தல் பிரிக்கணும், அண்டா குண்டான் வெளக்கித் திருப்பிக் குடுக்கணும். புதன்கிழமை வாரேன். நீங்க சாப்டீங்களா இல்லையா? மொகம் வாடிப் போயிருக்கு, போய் உக்காருங்க."