வெளியே பூட்டு, உள்ளே நான்

கார்த்திகை தீபம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் எங்கள் வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போடாமல்தான் குளிக்கிறேன். வெளியே என் கணவர் காவல். "உள்ளதானே இருக்கே?" என்று நடுநடுவே குரல் வேறு கொடுக்கிறார். சிரிக்காதீர்கள்... நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கோயில் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருப்பவர்களுக்குத் தீபம் வந்தால் ஒரு தலைவலி உண்டு. சொந்தபந்தம் எல்லாம் போன் போட்டு, "கோயில் பக்கமா ஒரு ரூம் பார்த்து வையேன்" என்பார்கள். கோயிலைச் சுற்றியுள்ள ரூம்களுக்கெல்லாம் நாங்கள்தான் சொந்தக்காரர்கள் என்று நினைப்பு! என் கணவருக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. தீப நாட்களில் அவருக்குக் கிரிவலப் பாதையில் டியூட்டி. அவரைப் பார்க்க நானே க்யூவில் நிற்க வேண்டும்.

ஆனால் என் மூத்தார் — கணவரின் அண்ணன் ஏகாம்பரம் — யாரிடமும் ரூம் கேட்டு நிற்கிறவர் இல்லை. ஆரணியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ரிசர்வேஷன் என்று ஒன்று இருந்தால் அதில் ஓர் ஓட்டையும் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை என்பது அவருடைய கொள்கை. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதில் தொடங்கிய திறமை அது. வளர்ந்து சத்திரம் வரை வந்துவிட்டது.

பே கோபுரத் தெருப் பக்கம் ஒரு பழைய சத்திரம். ஒரு மாதம் முன்பே பெயர் கொடுத்து ரூம் சொல்லிவைக்கலாம். பூட்டு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். கதவில் யார் பூட்டு தொங்குகிறதோ அவர் ரூம். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

இதில் ஒரு தில்லுமுல்லு நடக்கும். முதல் நாளே வந்து பூட்டை மாட்டிவிட்டு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ரூம் காலியாகக் கிடக்கும். கைக்குழந்தைக்காரர்கள் வராண்டாவில் கிடப்பார்கள். அதனால் மேனேஜர் ஒரு வழி செய்தார். தீபத்தன்று மதியம் ஒரு சுற்று வருவார். பூட்டிய ரூமில் ஆள் சத்தம் இல்லையென்றால் பூட்டை உடைத்து, காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார். உள்ளே ஒருவர் இருவர்தான் என்றால் இன்னொரு குடும்பத்தையும் கூடச் சேர்த்துவிடுவார். நியாயம்தானே?

ஏகாம்பரம் மாமா இதற்கும் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார். அந்த ஓட்டையின் பெயர் — நான்.

"நீ உள்ள இரும்மா. நான் வெளிய பூட்டிக்கினு போறேன். மேனேஜர் தட்டினா குரல் கொடு. ஆள் சத்தம் கேட்டா பூட்டை உடைக்க மாட்டான். பூட்டு இருந்தா வேற ஆளையும் உள்ள தள்ள முடியாது. எப்படி?"

"எதுக்கு மாமா இவ்ளோ பெரிய ரூம்?"

"சம்பந்தி வீட்டாருங்க வேலூர்லேர்ந்து வராங்க. நம்ம பொண்ணைக் கொடுத்து முதல் தீபம். கண்டவங்களோட படுக்க வைக்க முடியுமா? மதியத்துக்குள்ள கூட்டியாந்துடறேன். நீ பேப்பர்ல எழுதறவ, நாலு வார்த்தை ஜாஸ்தி பேசத் தெரியும்."

பத்தி எழுதுவதால் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை. மயங்கிவிட்டேன்.

கதவைச் சாத்தினார். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. சாவி அவருடைய சட்டைப் பையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது.

பெரிய அறை. பத்துப் பேர் தாராளமாகப் படுக்கலாம். ஒரு பாய், என் பை, தண்ணீர் பாட்டில். உயரத்தில் கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று. முதலில் சுகமாகத்தான் இருந்தது. ஊரே நெரிபடும் நாளில் கால் நீட்டிப் படுக்க இவ்வளவு இடம் யாருக்குக் கிடைக்கும்?

மதியம் மேனேஜர் வந்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். "யாரு உள்ள?"

"நாங்கதாங்க. மத்தவங்க குளிக்கப் போயிருக்காங்க. சாவி அவங்ககிட்ட."

"எத்தினி பேரு?"

"ரூம் கொள்ளாத ஆளுங்க!"

நகர்ந்துவிட்டார். பாருங்கள், பொய் சொல்லக்கூட நாலு வார்த்தை ஜாஸ்தி தேவைப்படுகிறது.

அதன்பிறகு வராண்டா நிறைந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சாய்ந்து உட்கார்ந்தார்கள், குழந்தை சிணுங்கியது. கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண், பெயர் வசந்தா. குழந்தைக்குக் காய்ச்சல். புருஷன் மாத்திரை வாங்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை. "எல்லா ரூமும் புல்லுன்னுட்டாங்கக்கா. இங்கியே ஓரமா கெடந்துக்கறோம்" என்றாள்.

எனக்குப் பின்னால் அந்தக் காலி அறை கிடந்தது. நான் பேச்சை மாற்றினேன்.

மதியம் போய்விட்டது. மூத்தார் வரவில்லை. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று வராண்டாவில் பேசிக்கொண்டார்கள். அப்படியென்றால் அவர் நடந்து வர வேண்டும்... அந்தக் கூட்டத்தில் எப்போது வருவது? தண்ணீர் தீர்ந்துவிட்டது. போன் போடலாம் என்றால், அந்தக் கூட்டத்தில் டவரே கிடைக்கவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சாவி கூட்டத்தில் விழுந்துவிட்டால்? நான் இங்கே இருப்பது என் கணவருக்குக்கூடத் தெரியாதே!

அப்போதுதான் புகை வாசனை வந்தது.

சத்திரத்தின் பின்பக்கம் அன்னதானத்துக்குக் கீற்றுப் பந்தல் போட்டு அடுப்பு வைத்திருந்தார்கள். அடுப்புப் புகைதான் என்று நினைத்தேன். பிறகு ஜன்னல் கம்பி வழியாகக் கரும்புகை உள்ளே இறங்கியது. "பந்தல் பத்திக்கிச்சு!" என்று யாரோ அலறினார்கள். வராண்டாவில் தடதடவென்று கால்கள். பாத்திரங்கள் உருண்டன. குழந்தைகள் வீறிட்டன.

கதவைத் தட்டினேன். இரண்டு கையாலும் அடித்தேன். கத்தினேன். கால்கள் என் கதவைத் தாண்டித் தாண்டி ஓடின. யாருக்குத் தோன்றும்? வெளியே பூட்டு தொங்குகிற அறையில் ஆள் இருக்கும் என்று எந்தப் புத்திசாலி நினைப்பான்? ரூமைக் காப்பாற்றிய பூட்டு இப்போது நான் அங்கே இல்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.  வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் முகம் கண்ணில் வந்தது. பயம் என்றால் என்ன என்று இத்தனை வருஷம் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உள்ள ஆளுங்க கீறாங்க! பூட்டை ஒடைங்க!"

வசந்தாவின் குரல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை ஓடியவள், திரும்பி வந்திருக்கிறாள்.

"யக்கா, உள்ள எத்தினி பேரு இருக்கீங்க? கொயந்தைங்க இருக்கா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புகை தொண்டையில் ஏறுகிறது, கண் எரிகிறது... அப்போதும் மனசு சொல்கிறது, 'ஒருத்தின்னு சொன்னா ரூம் போயிடும்.' உயிர் போகிற நேரத்தில் ரூமைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்! நெருப்பை நினைத்தால் இப்போது அவ்வளவாக நடுங்கவில்லை. அந்தத் தயக்கத்தை நினைத்தால்தான் நடுங்குகிறது.

"நான் மட்டும்தாம்மா!" என்று ஒருவழியாகக் கத்தினேன்.

மேனேஜர் கடப்பாரையோடு வந்தார். கொண்டி பிய்ந்து விழுந்தது. நான் வராண்டாவில் விழுந்தேன். அதற்குள் தண்ணீர் ஊற்றி, மண்ணை வாரிப் போட்டு நெருப்பை அணைத்துவிட்டார்கள். கருகியது பந்தலின் ஒரு மூலைதான். யாருக்கும் காயமில்லை. இருமி முடித்து நிமிர்ந்தபோது மேனேஜர் அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பாய், ஒரு பை.

"ரூம் கொள்ளாத ஆளுங்கன்னீங்க?" என்றார்.

ஜாஸ்தியாகப் பேசிய அந்த நாலு வார்த்தையை நினைத்துக்கொண்டு, கதவோரம் ஒதுங்கி வழி விட்டேன்.

வசந்தா அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். புகை போகட்டும் என்று முந்தானையால் விசிறினாள். பிறகு உள்ளே போய் குழந்தையை என் பாயில் படுக்க வைத்தாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு குடும்பம் நுழைந்தது. கொண்டி இல்லாத கதவில் யார் எதைப் பூட்டுவது?

மலை மேல் ஜோதி தெரிந்து, தெருவே "அரோகரா" என்று அதிர்ந்தபோது மூத்தார் வந்து சேர்ந்தார். சட்டை நனைந்து, செருப்பு தொலைந்து. பின்னால் சம்பந்தி வீட்டார். என் கரிபடிந்த முகத்தை அவர் பார்க்கவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? ரூம் பூரா ஆளு!"

நான் பதில் சொல்வதற்குள் சம்பந்தியம்மா அவரைத் தாண்டி உள்ளே போனார். வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து, "புள்ளைக்கு மேலு சுடுதே, மாத்திரை கொடுத்தியா?" என்று கேட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். யாரோடும் சேர்த்துப் படுக்க வைக்க முடியாது என்று மூத்தார் பயந்தது இந்த அம்மாவை நினைத்துத்தான்!

நேற்று ஆரணியிலிருந்து போன். வருத்தம் தெரிவிக்கிறார் என்று நினைத்தேன்.

"தனியா இருந்ததாலதாம்மா நீ பயந்துட்டே. அடுத்த வருஷம் உள்ள ரெண்டு பேரா வச்சிட்டா ஒண்ணும் தெரியாது."

"சரிங்க மாமா" என்றேன். "நீங்களும் அக்காவும் உள்ள இருங்க. நான் வெளிய பூட்டி, சாவியை எடுத்துக்கினு சம்பந்தி வீட்டாரைக் கூப்பிடப் போறேன்."