இதுதான் ஏற்கெனவே இருக்கே!

என் பக்கத்து மேஜை ஆய்வாளர் விண்ணப்பக் கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். கண்டுபிடித்தவர் தனக்கென்று கேட்கும் உரிமை அங்கேதான் இருக்கும். மூன்றாவது வரிக்குள் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிடும். "இதுதான் ஏற்கெனவே இருக்கே!" என்பார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனின் உரிமையை இன்னொருவன் சுட்டுக்கொண்டு போகாமல் காப்பது எங்கள் காப்புரிமை அலுவலகத்தின் வேலை. யாரும் எதையும் கண்டுபிடித்துவிடாமல் நாட்டைக் காப்பது என்று இவர் புரிந்துகொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக ஆய்வாளர்.

தேடுவதில் சூரர், குறை சொல்ல முடியாது. தானாக நிற்கும் குடையோடு ஒருவர் வந்தார். எழுபது வருடப் பழைய அயல்நாட்டுக் காப்புரிமைப் படம் ஒன்றைத் தோண்டியெடுத்து அவரைக் கவிழ்த்தார். குடைக்காரர் கண்கலங்கிப் போனார். இவர் அன்று இரண்டு டீ குடித்தார். பக்கத்து மேஜைக்காரனான நான் அடிஸ்கேலால் முதுகு சொறிந்தால்கூட, "அதுக்கும் ஒரு பதிவு இருக்கு சார்" என்று எண்ணோடு சொல்வார்.

வீட்டிலும் இதே கதை. "என் கஷ்டம் வேற யாருக்கும் வராதுப்பா" என்று மகள் அழுதபோது, அது ஏற்கெனவே அவள் அத்தைக்கு வந்ததைத் தேதியோடு எடுத்துச் சொன்னாராம். மகள் ஒரு வாரம் பேசவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் மனைவிக்கு மணிக்கட்டில் வலி. ஜாடி மூடியைத் திருக முடியவில்லை. அந்த அம்மாள் சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, உடைந்த கரண்டிக் காம்பில் கோத்து, ஒரே விரலால் இழுத்தால் மூடி திறக்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார்.

"என்னங்க, இத உங்க ஆபீஸ்ல குடுத்துப் பாக்கலாமா?"

இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இதுதான் ஏற்கெனவே இருக்கே."

அம்மாள் அதோடு விட்டுவிட்டார். அக்கம்பக்கத்தில் கைவலிக்காரர்கள் ஒன்பது பேருக்கு மட்டும் செய்து கொடுத்தார்.

போன மாதம் ஒரு பெரிய கம்பெனியின் விண்ணப்பம் இவர் மேஜைக்கே வந்தது. அதே பட்டை, அதே காம்பு, பிளாஸ்டிக்கில். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. பதினோரு நாள் தேடினார். டீயை அவர் ஆறவிட்டு அப்போதுதான் பார்த்தேன்.

"எந்த நாட்டுப் பதிவுலயும் இல்ல சார்," என்றார். "எங்க வீட்டு சமையக்கட்டுல மட்டுந்தான் இருக்கு."

கம்பெனிக்கு உரிமை கிடைத்துவிட்டால், பத்தாவது ஆளுக்குச் செய்து கொடுக்க அந்த அம்மாள் கம்பெனியின் அனுமதியைக் கேட்க வேண்டும். தன் வீட்டு விஷயம் என்பதால் இவர் கோப்பை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்று விண்ணப்பம் வெளியான பிறகு, எதிர்ப்பு மனுப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாளில் படிவம் மனைவியின் கையெழுத்தோடு வந்தது. ஒன்பது பேரும் சாட்சி சொல்லியிருந்தார்கள். படத்தை அம்மாளே வரைந்திருந்தார். கம்பெனிக்காரன் வரைந்ததைவிடத் தெளிவு. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி: 'உருவாக்கியவர் அப்போதே விண்ணப்பிக்காததற்குக் காரணம்.'

"இத ஏன் விட்டுட்டாங்க?" என்று கேட்டேன்.

"அத நீங்களே எழுதிக்குங்கன்னு சொல்லிட்டா."

மத்தியானம் முழுக்க அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பழைய மனுக்களைப் புரட்டினார். அறியாமை, நோய், வெளியூர்ப் பயணம். எதுவும் ஒத்துவரவில்லை. எத்தனையோ பேரை அழவைத்த மனிதர்தான். ஆனாலும் எனக்குப் பாவமாக இருந்தது.

நாலரை மணிக்குப் பேனாவைத் திறந்தார். 'என் கணவர்' என்று எழுதினார். யார் என்று யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதல்லவா? தன் பதவி முத்திரையை எடுத்து, மை தொட்டு, அதன் கீழே அழுத்திக் குத்தினார்.