என் கையால் இறுக்கிய கட்டு

என் இளைய மகள் சஃப்ரீனாவின் வலது காலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை டாக்டர் சொன்னார். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அதற்கான காகிதத்தை நீட்டினார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஜமீலா என்ற என் பெயரை எழுதி முடிக்க மூன்று தடவை பேனாவைத் தூக்கி வைத்தேன்.

சகோதரிகளே, நம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எத்தனையோ பேர் அல்லாஹ் தங்களுக்குச் செய்த உதவியை எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்கள். நான் மட்டும் ஓரமாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவேன். உதவி கிடைத்ததைச் சொன்னால் செய்த குற்றத்தையும் சொல்லியாக வேண்டுமே! அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. நான் வாயாடி என்பது உங்களுக்கே தெரியும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் கணவர் ஒரு கிடங்கில் மேஸ்திரி. பெண்கள் இருவர். மூத்தவள் ஷிஃபானா இருக்கிற இடம் தெரியாது. இளையவள் இல்லாத இடம் கிடையாது. ஏழாம் வகுப்பில் பள்ளி டீச்சர் ஒருவர் இவளுடைய ஓட்டத்தைப் பார்த்துவிட்டுக் கால்பந்து அணியில் சேர்த்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

நான் படித்த காலத்தில் பெண் பிள்ளை மைதானத்தின் குறுக்கே நடந்தாலே விசிலடிப்பார்கள். இப்போது சாயங்காலமானால் பெண்களுக்கென்றே தனிப் பயிற்சி நடக்கிறது. தலையில் துணி, காலை மூடிய உடுப்பு என்று நம் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். சாயாக்கடை டீவியில் பெண்கள் ஆட்டத்தை ஆண்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், கைதட்டுகிறார்கள். அதே ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்பச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம்? அடுத்த வீட்டுப் பெண் கோல் போட்டால் மாஷா அல்லாஹ் என்பேன். என் வீட்டுப் பெண் போட்டால் மானம் போச்சு என்பேன். அவளுடைய விளையாட்டுச் சட்டையை வாசல் கொடியில் காயப்போட ஒருநாளும் விட்டதில்லை. குளியலறைக்குள்தான் காயும். காயாமல் நாறும்.

அவளுடைய அத்தா, அதான் என் கணவர், அவளை ஒன்றும் சொல்லமாட்டார். பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். எனக்கு இருந்த ஒரே ஆயுதம் முஸல்லா, என் தொழுகை விரிப்பு. தினமும் பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டுக் கையேந்தி இதைத்தான் கேட்பேன். “யா அல்லாஹ், இவள் காலை வீட்டுக்குள் நிறுத்து. அந்த மைதானத்தை இவள் மிதிக்கவே கூடாது.” நாள் தவறாமல் கேட்டேன். அழுதுகூடக் கேட்டிருக்கிறேன். பெற்ற தாய் கேட்கிற துஆ இது. இதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஷிஃபானாவைப் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம் வருவதாக இருந்தது. இரண்டு பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் ஆசையாகச் சொல்லியிருந்தார். இளையவள் பந்து விளையாடுகிற சங்கதியை நான் மூச்சுவிடவில்லை. ஆனால் இவள் விடிகாலையிலேயே அத்தாவிடம் சொல்லிவிட்டு ஒரு மேட்ச்சுக்குப் போய்விட்டாள். ஏழு மணிக்கு வருகிறேன் என்றவள் எட்டு மணிக்கு ஆட்டோவில் வந்தாள். ஸ்டெஃபி தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஸ்டெஃபி அவர்கள் அணியின் கோல்கீப்பர், மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. எதிரணிப் பெண் மோதியதில் சஃப்ரீனாவுக்கு முழங்காலுக்குக் கீழே அடி. கால் வீங்கியிருந்தது.

“ஆண்ட்டி, டீச்சர் உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க. நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்.”

“நீ போம்மா, நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லி அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் மாவுக்கட்டுப் போடுவார்கள், அங்கேயே இருத்துவார்கள். விருந்தாளிகள் வந்து கேட்டால் என்ன சொல்வது? அதனால் இடக்கொச்சியில் எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒரு வைத்தியரிடம் ஆட்டோவில் கொண்டுபோனேன். என் கணவர் வேண்டாம் என்றார். நான் போட்ட கூச்சலில் அவர் அடங்கிப்போனார். வைத்தியர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு விரிசல் விட்டிருக்கும் போலிருக்கிறது, முதலில் படம் எடுத்து வாருங்கள் என்றார். நான் விடவில்லை. கடைசியில் மூங்கில் பட்டை வைத்துத் தளர்வாகத்தான் கட்டினார். இன்னும் வீங்கும், இறுக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நன்றாகக் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து அவளை நிற்க வைத்துப் பார்த்தேன். கால் ஆடியது. அவள் வெளியே வந்து ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து ஸலாம் சொன்னால் போதும், மேலே பர்தா மூடிக்கொள்ளும் என்பது என் கணக்கு. என் கணவரின் பழைய கைலியைக் கிழித்தேன். வைத்தியர் போட்ட கட்டின் மேலேயே சுற்றிச் சுற்றி என் பலமெல்லாம் கொடுத்து இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

“அம்மா, இறுக்காதம்மா, உயிர் போகுது!”

“ஒரு பொழுதுக்குப் பல்லைக் கடிச்சுக்கடி. உங்க அக்கா வாழ்க்கை.”

பதினோரு மணியிலிருந்து அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலி மாத்திரை கொடுத்தேன். கேட்கவில்லை. உள்ளே அவள் முனகல், அடுப்பில் பிரியாணி. நான் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். தங்கமான மனிதர்கள். சின்னவள் எங்கே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். லேசாகக் காய்ச்சல், இப்போது வருவாள் என்றேன். அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை.

மூன்று மணி தாண்டியிருக்கும். உள்ளே போனேன். முனகல் நின்றிருந்தது. மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தாள்.

“அம்மா, வலி போயிருச்சும்மா.”

அல்ஹம்துலில்லாஹ்! என் வாயிலிருந்து வந்தது அதுதான். கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே தரையில் நன்றி ஸஜ்தா செய்தேன். என் பிள்ளையின் கால் செத்துக்கொண்டிருந்தது. நான் அதன் பக்கத்திலேயே நெற்றியைத் தரையில் வைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் ஸ்டெஃபியின் குரல் கேட்டது. சஃப்ரீனா மைதானத்தில் விட்டுவந்த பையைக் கொடுக்க வந்திருந்தாள். காலையில் உடுத்திய அதே விளையாட்டு உடுப்பு, முட்டியெல்லாம் மண். விருந்தாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கிக்கொண்டு, அவள் தூங்குகிறாள், போ என்றேன். பிள்ளை கேட்கவில்லை. என் கைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள். கோல்கீப்பர் அல்லவா!

கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரலைத் தொட்டாள். பிறகு நகத்தால் அழுத்திக் கிள்ளினாள்.

“சஃப்ரீ, தெரியுதா?”

“இல்லையே. நீ தொட்டியா? வலிகூட நின்னுருச்சுடி.”

ஸ்டெஃபி போட்ட அலறலில் சந்தே கூடியிருக்கும். “ஆண்ட்டி, விரல் ஐஸ் மாதிரி இருக்கு! வலி நின்னா நல்லதுன்னு நெனைக்காதீங்க. எங்க ஃபுட்பால் க்ளப்ல முதலுதவி சொல்லித் தந்தப்ப இதைத்தான் சொன்னாங்க. கத்திரி எடுங்க, இப்பவே வெட்டணும்!”

நான் மரம்போல நின்றேன். கத்திரியைக் கொண்டுவந்தது மாப்பிள்ளையின் அம்மா. என் சமையலறையில் அவரே தேடி எடுத்து வந்திருக்கிறார். கைலியை வெட்டியதும் உள்ளே கால் கல்லாக இருந்தது. தோல் பளபளவென்று மின்னியது. யாரிடமிருந்து மறைக்க நினைத்தேனோ அவர்கள் காரில்தான் என் பிள்ளையை ஏற்றினோம். அந்த அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து அவள் காலைத் தன் பட்டுச் சேலை மடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னபோது தோப்பும்படிப் பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தோம். நான் ஸ்டெஃபியின் கையைப் பிடித்திருந்தேன். விடத் தோன்றவில்லை.

எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். எலும்பு விட்டிருந்தது. உள்ளே ரத்தம் கட்டி வீங்க இடமில்லாமல் சதை நெரிந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் திறக்க வேண்டும், சதை உயிரோடு இருக்கிறதா என்று திறந்தால்தான் தெரியும், இல்லாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார். யார் இவ்வளவு இறுக்கிக் கட்டியது என்று கேட்டார்.

“வைத்தியர்” என்றேன்.

பாருங்கள், அந்த நேரத்திலும் என் வாயில் பொய்தான் வந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கதவை மூடினார்கள். எனக்குத் தொழ வேண்டும். அஸர் தாமதமாகிக்கொண்டிருந்தது. முஸல்லா இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனையோ கால் மிதித்த தரை. ஸ்டெஃபி தன் பையிலிருந்து துவைத்து மடித்த சட்டை ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தாள். முதுகில் பெரிதாக ஒன்று என்று எண் போட்ட கோல்கீப்பர் சட்டை. வாசல் கொடியில் எதைக் காயப்போட விடாமல் இருந்தேனோ அதே மாதிரிச் சட்டையின் மேல் நெற்றியை வைத்தேன்.

என்ன கேட்பேன்? எந்த முகத்தோடு கேட்பேன்? இவள் காலை நிறுத்து என்று வருடக்கணக்காகக் கேட்டவள் நான். அவன் தந்துவிட்டான் என்றே நினைத்தேன். ஸஜ்தாவிலேயே கதறினேன். “என் ரப்பே, நான் கேட்டதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள். கட்டியது என் கை. பொய் சொன்னது என் வாய். என்னை என்ன வேண்டுமானாலும் செய். அவள் ஓட வேண்டும். அந்த மைதானத்தில்தான் ஓட வேண்டும். நான் போய் நின்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.” எழுந்ததும் நேராக நர்ஸிடம் போனேன். கட்டியது வைத்தியர் அல்ல, நான் என்று சொல்லி டாக்டரிடம் சொல்லச் சொன்னேன்.

மஃரிப் நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். சதை சிவப்பாகத்தான் இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது என்றார். இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்.

ஆனால் நரம்பு எழும்பவில்லை. காலைத் தொட்டால் அவளுக்குத் தெரியாது. விரலை அசைக்கச் சொல்வார்கள், அவள் முகம் சிவக்க முயல்வாள், விரல் அப்படியே கிடக்கும். எட்டு நாள் ஓடின. எட்டு நாளும் எனக்கு நரகம். வராந்தாவில் சட்டையை விரிப்பேன், அழுவேன், மடிப்பேன். நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். இவள் இனிக் காலை இழுத்துக்கொண்டுதான் நடப்பாள் என்று மனதுக்குள் பேச ஆரம்பித்துவிட்டேன்.

நான்காம் நாளே மகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். தினமும் மஃரிபுக்குப் பிறகு என்ன கேட்டேன் என்பதையும் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளாகவே சொன்னாள்.

“அம்மா, உன் துஆவால ஒண்ணும் நான் விழல. அந்த டிஃபண்டர் பந்தை விட்டுட்டு என் காலை ஒதைச்சா. அதுக்கு அவளுக்கு மஞ்ச கார்டு குடுத்தாங்க. நீ சும்மா எல்லாத்தையும் உன் கணக்குல எழுதிக்காத.”

சிரிப்பதா அழுவதா? இரண்டையும் செய்தேன். தப்பான துஆவுக்கு அவன் செவி சாய்த்துவிடவில்லை என்று என் பிள்ளை வாயால்தான் எனக்குப் புரிந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஸ்டெஃபி வந்து போனில் ஏதோ பெண்கள் மேட்ச் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பந்தைக் கோலுக்கு எதிரில் வைத்துக்கொண்டு தடுமாறினாள். “அடி! அடிச்சுத் தொலையேன்டி!” என்று சஃப்ரீனா கத்தினாள். என் கண்ணுக்கு முன்னால் அவளுடைய வலது காலின் கட்டைவிரல் துள்ளியது. கஞ்சிக் கிண்ணம் கீழே போனது. சுபஹானல்லாஹ்! நான் போட்ட சத்தத்தில் நர்ஸுகள் ஓடி வந்தார்கள்.

அந்தச் சம்பந்தம் கூடவில்லை. தூரம் அதிகம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதுதான் காரணமா, வேறா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மா இன்றும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ அன்று போன் செய்து, குட்டியின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். ஷிஃபானா காக்கநாட்டில் வேலைக்குப் போகிறாள். அவளுக்குரியதும் வரும், இன்ஷா அல்லாஹ். வைத்தியரிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து, போன மாதம், ஒரு பயிற்சி ஆட்டத்தில் கடைசிக் கொஞ்ச நேரம் அவளை இறக்குவதாக டீச்சர் சொன்னார். வராந்தாவில் சொன்ன வார்த்தைப்படி நானும் போனேன். அவள் விளையாடி நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குடை, தண்ணீர், பேரீச்சம்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றேன். அவள் கணுக்கால் இன்னும் முழுதாக மடங்காது. குனிந்து பூட்ஸ் கட்டச் சிரமப்பட்டாள். நான் மண்ணில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துக் கயிற்றைக் கட்டினேன்.

“அம்மா, இப்படிக் கட்டினா நான் இங்கயே நிப்பேன், பூட்ஸ் மட்டும் கோலுக்குப் போகும். இறுக்கிக் கட்டும்மா.”

என் விரல் ஓடவில்லை. கண்ணீரில் கயிறும் தெரியவில்லை. அவள் என் கைமேல் தன் கையை வைத்து, என் கையோடு சேர்த்து இழுத்தாள். முடிச்சுப் போட்டோம். எழுந்து ஓடினாள்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்காகக் கையேந்தும்போது ஊர் வாயை நினைத்துக் கேட்காதீர்கள். என்னைப்போல முட்டாள்தனமாகக் கேட்டிருந்தாலும் பயப்படாதீர்கள். திரும்பிப் போய் அழுது மாற்றிக் கேளுங்கள், அவன் வாசல் திறந்துதான் இருக்கிறது. எனக்குத் திறந்தான். அன்று என் மகள் பதினைந்து நிமிடம் ஓடினாள். கோல் ஒன்றும் போடவில்லை. நான்தான் தொண்டை கட்டக் கத்தினேன். வீட்டுக்கு வந்ததும் அவள் சட்டையை அலசி வாசல் கொடியில் போட்டேன், எண் வெளியே தெரிகிற மாதிரி.