கிழிந்த முட்டியும் குலுங்காத பஸ்ஸும்

1983 ஆகஸ்ட் 17, புதன்கிழமை, காலை எட்டு இருபது. இரவுத் தூறல் நின்று, வெயிலும் வராமல் புழுங்கிக்கொண்டிருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் எங்கள் பஸ்ஸில் அறுபத்தெட்டு பேர். அதில் மூன்று அரை டிக்கெட். நான் கண்டக்டர். இடது காலை அழுத்தி ஊன்றியபடி, பின்னாலிருந்து ஒருவர் நீட்டிய பத்து ரூபாய்த் தாளை வாங்க உடம்பை மட்டும் திருப்பினேன். முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரி திடீரென்று நின்றது. எங்கள் பஸ்ஸும் சடக்கென்று நின்றது. முட்டிக்குள் சுளீரென்றது. அதன்பின் காலை நீட்ட வரவில்லை.

அரியலூரில் என்னைத் தோளில் தாங்கி இறக்கியவர் டிரைவர். என்னைவிட நாலு வயது மூத்தவர், வாயைத் திறந்தால் கிண்டல்தான். அன்று "மெதுவா, மெதுவா" என்று மட்டும்தான் சொன்னார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

திருச்சியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை. முப்பது ரூபாய் வீணாயிற்றே என்று முகம் வாடினேன்.

"எக்ஸ்ரேல எலும்புதாங்க தெரியும்" என்று காலை மடக்கிப் பாதத்தை மெல்லத் திருகினார். உள்ளே டக்கென்றது; எனக்கு உயிர் போய் வந்தது. "ரெண்டு எலும்புக்கு நடுவுல பிறை மாதிரி மெத்தை இருக்கு. அது கிழிஞ்சிருக்கு."

"ஆபரேஷனா சார்?"

"எல்லாக் கிழிசலுக்கும் கத்தி வேணாம். கால் நீட்ட வராம முட்டி அடிக்கடி மாட்டிக்கிட்டா தொறந்து எடுத்துடலாம். ஆனா மெத்தை போயிட்டா எலும்பு தேயும். மொதல்ல மூணு மாசம் பாப்போம்."

குத்துக்கால் போட்டு உட்காரக் கூடாது என்றார். பிரம்பு அறுந்த பழைய நாற்காலியை என் மனைவி கக்கூசுக்குள் தூக்கி வைத்தாள், அதற்குச் செலவில்லை. சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்துத் தொடையை இறுக்கி, பத்து எண்ணும்வரை அழுத்த வேண்டும். எண்ணுவது எனக்குச் சிரமமில்லை. ஊன்றிய காலோடு உடம்பைத் திருப்பக் கூடாது என்பதுதான் சிரமம். கண்டக்டர் வேலையே அதுதானே. வண்டியில் முட்டி மறுபடி மாட்டிக்கொண்டால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவார்கள். தகுதியில்லை என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும். வீட்டில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும்.

மூன்று வாரம் லீவு முடிந்து டூட்டிக்குப் போய் டிரைவரிடம் விவரம் சொன்னேன். எதற்கும் கணக்குப் பார்ப்பேன் என்று என்னைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்.

"வாஷர் கிழிஞ்சிருச்சுன்னு சொல்லு கணக்கே. மாத்த ஸ்பேர் கெடயாதா?"

"இருந்தா மொதல்ல ஒங்க வாய்க்கு ஒன்னு போடணும்ண்ணே."

கடைசி சீட்டில் நான் துண்டை அழுத்தும்போதெல்லாம், "முட்டிய தூங்க வெச்சாச்சா? வண்டிய எடுக்கட்டுமா?" என்பார். ஆறு வாரம் முட்டி சத்தமில்லாமல் இருந்தது. எல்லாம் துண்டின் மகிமை என்றே நினைத்தேன்.

ஏழாவது வாரம் அவர் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போக, வேறொரு டிரைவர் வந்தார். மோசமான டிரைவர் இல்லை; எல்லோரையும் போல ஓட்டினார். நான் நாலு தரம் கம்பியைக் கட்டிப்பிடித்தேன். சாயங்காலம் முட்டி வீங்கியது. அப்போதுதான் உறைத்தது. நம் டிரைவர் கிளட்சை விடுவதே தெரியாது. கூட்டம் ஏறினால் கடைசி டிக்கெட் கொடுக்கும்வரை ரெண்டாவது கியரில் உருட்டுவார். ஸ்டாப்புக்கு வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவார். கண்ணாடியில் அவர் ஜனங்களைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். என் காலைப் பார்த்திருக்கிறார்.

இப்படி ஓட்டினால் அரியலூர் சேர ஏழு நிமிடம் கூடுதலாகும். திரும்பக் கிளம்புமுன் டீ குடிக்க எங்களுக்கு இருந்ததோ பத்து நிமிடம். டீக்கடைக்காரர் அன்று கேட்டார்: "டிரைவர் அண்ணன் இப்பல்லாம் டீக்கே வர்றதில்லயே, எங்க மேல கோவமா?"

அவர் திரும்பி வந்ததும், "எனக்காகவாண்ணே?" என்றேன்.

"ஒனக்காகவா? வண்டி பழசுய்யா. குலுக்குனா போல்ட்டு கழண்டு ஒன் மடியிலதான் வுழும். போய் விசிலு குடு."

நடக்கச் சொல்லித்தான் இருந்தார் டாக்டர். அன்று முதல் டிரைவருடைய டீயை நானே நடந்துபோய் வாங்கி வந்து, ஸ்டியரிங் பக்கத்தில் கொடுத்தேன். "சக்கர கம்மி" என்று தினமும் குறை சொல்லிக் குடித்தார். முட்டி அப்புறம் மாட்டவே இல்லை. யாரும் அதைத் திறக்கவும் இல்லை. கண்டக்டராகவே ஓய்வு பெற்றேன்.

முட்டி வைத்தியத்துக்கு ஆன செலவு: எக்ஸ்ரே முப்பது, டாக்டருக்கு இருபது, எலாஸ்டிக் முட்டி உறை பதினெட்டு. டிரைவர் மாற்றலாகிப் போகும்வரை டீ இருநூற்றுப் பன்னிரண்டு, ஐம்பது பைசா வீதம். ஆக நூற்று எழுபத்து நான்கு ரூபாய்.